பண்டிதர் குடித்த மருந்து

சட்டநாத பண்டிதர் இறந்து முந்நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அவரை மறுபடியும் எழுப்பிக் கொண்டுவந்தவர்கள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நோயாளிக்கு என்ன மருந்து என்று சொல்ல வேண்டும். மனிதர் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார்.

கொள்ளிடம் ஆறு கடலில் சேருகிற பழையாறு என்ற ஊரில், கடல் உள்ளே நுழைந்த பிறகு, மருத்துவமனையைத் தூண்கள்மேல் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பண்டிதர் அங்கேதான் இருந்தார். இருந்தார் என்றால் உடம்போடு அல்ல. சுவரில் ஒரு திரை, ஒரு குரல், நாடி பார்க்க ரப்பர் விரல்கள் மூன்று, அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருப்பது அசல் ஆள்தான் என்று ஞானாதிக்கம் சத்தியம் செய்வான்.

ஞானாதிக்கம் தரங்கம்பாடிக்காரன். கணினிக்குள் மனங்களைக் கட்டுவது அவன் தொழில். பண்டிதரின் ஏடுகள், மாணாக்கர்கள் அவரைப் பற்றிப் பாடி வைத்த பாட்டுகள், அவரோடு பழகிய ஒரு டச்சுக் கப்பல் வைத்தியன் தன் ஊருக்கு எழுதிய கடிதங்கள் என்று கிடைத்ததையெல்லாம் பத்து வருஷம் நாய் மாதிரி அலைந்து சேர்த்தான். அவர் எப்படி யோசித்தாரோ அப்படியே யோசிக்கிற ஒரு மனத்தை அவற்றிலிருந்து உண்டாக்கினான். பிறகு இன்றைய மருத்துவம் முழுவதையும் அதன் தலையில் ஏற்றினான். பழைய ஆளின் மனசாட்சி, புதுக்காலத்தின் அறிவு. இது தேறிவிட்டால் மருத்துவர் எட்டிப்பார்க்காத ஊர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பண்டிதரை அனுப்பிவிடலாம் என்று தலைமை அலுவலகம் கணக்குப் போட்டிருந்தது.

தேறுகிற வழியைத்தான் காணோம். நாடியைப் பிடித்தவுடன் நோய் இன்னதென்று பண்டிதர் பிட்டுப் பிட்டு வைப்பார். படம் எடுத்துப் பார்த்தால் அட்சரம் பிசகாமல் அப்படியே இருக்கும். நோயாளி என்ன சாப்பிடலாம், எப்போது தூங்கலாம், யாரோடு சண்டை போடாமல் இருக்கலாம் என்பது வரைக்கும் சொல்வார். மருந்து என்ற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வார். திரையில் அந்தக் கட்டம் மட்டும் வெள்ளையாகவே கிடக்கும். ஞானாதிக்கம் பழுது பார்த்துப் பார்த்து முடி கொட்டிப்போனதுதான் மிச்சம்.

தலைமை மருத்துவர் அபயாம்பாள் மாயவரத்துக்காரி. ஓய்வு பெறப் போகிற வயதில் ஒரு பேசும் சுவரைத் தன் தலையில் கட்டிவிட்டார்களே என்று அவளுக்கு ஆரம்பத்தில் எரிச்சல். ஒருநாள் காலையில் காய்ச்சலோடு வந்த ஒரு பெண்ணைப் பண்டிதர்முன் உட்கார வைத்திருந்தாள். அபயாம்பாளுக்கே அன்று மண்டையிடி. பேச்சுவாக்கில் பையிலிருந்து ஒரு காய்ச்சல் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். உடனே சுவர் பேசியது.

"அதே மாத்திரைதான் இவங்களுக்கும். பாதி போதும்."

அபயாம்பாளுக்குப் புரை ஏறிவிட்டது. ஞானாதிக்கத்தைக் கூப்பிட்டாள். அவன் ஓடிவந்து கம்பிகளையெல்லாம் ஆராயத் தொடங்கினான். அவள் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பண்டிதரையே நேராகக் கேட்டாள், இத்தனை மாதமாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று.

"நான் குடிக்காத மருந்த அடுத்தவங்களுக்கு எப்படி அம்மா குடுக்கறது?" என்றார் பண்டிதர். "எனக்கோ இப்ப வாய் இல்ல. நீங்க குடிச்சீங்க. அதான் சொன்னேன்."

அப்புறம்தான் கதை முழுவதும் வெளியே வந்தது. பண்டிதர் வாழ்ந்தது ஊரெல்லாம் சண்டையாக இருந்த காலம். எந்தக் குதிரைப்படை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. காயம்பட்ட ஒரு தளபதி, வைத்தியன் விஷம் வைத்துவிடுவான் என்று பயந்து, கத்தியைக் காட்டிப் பண்டிதரை முதலில் குடிக்கச் சொன்னான். குடித்தார். குமட்டிக்கொண்டு வந்தது. அதுநாள்வரை தான் எத்தனை பேர் தொண்டையில் இதை ஊற்றியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. தளபதி பிழைத்துப் போய்விட்டான், பண்டிதர் பழக்கத்தை விடவில்லை. பஞ்சத்தில் வந்து விழுந்தவனாக இருந்தாலும் அவன் பாயிலேயே உட்கார்ந்து, முதல் மிடறைத் தான் விழுங்கிவிட்டுத்தான் கிண்ணத்தை அவனிடம் நீட்டுவார். மருந்துகளில் பாதியை அந்த ஒரு வருஷத்தில் கைவிட்டுவிட்டாராம், தேவையில்லாத கசப்பு என்று.

ஞானாதிக்கத்துக்கு இந்தக் கதை தெரியாமல் இல்லை. டச்சுக்காரன் கடிதத்திலேயே இருந்தது. அவன் அதை வாழ்க்கை வரலாறு என்று ஒரு பக்கமும், வைத்திய முறைகளை மறுபக்கமும் போட்டு வைத்திருந்தான். ஆள் என்னவோ ஒரே ஆளாகத்தான் எழுந்து வந்திருந்தார்.

வேறு வழியில்லாமல் மருத்துவமனை பண்டிதருக்கு வளைந்து கொடுத்தது. மருத்துவர்கள் தாங்களே யோசித்து, பொருத்தமாகத் தோன்றுகிற மருந்தில் துளி எடுத்து நோயாளி பார்க்க விழுங்குவார்கள். சரியான மருந்தாக இருந்தால் பண்டிதர் அளவு சொல்வார். இல்லையென்றால் மௌனம். ஊசி மருந்துகளுக்கு வெறும் உப்புநீரை ஊசியில் ஏற்றித் தங்கள் கையில் குத்திக்கொண்டார்கள். நோவில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்று பண்டிதர் அதற்கு ஒத்துக்கொண்டார். டாக்டர் தில்லைநாயகம் ஒருவர் இருந்தார். தும்மலோடு வந்தவருக்கும் கை நிறைய மாத்திரை கொடுத்து அனுப்புகிற தாராளப் பிரபு. அவருடைய தாராளம் ஒரே வாரத்தில் வற்றிப்போனது. இந்தக் கிழவர் செத்தும் நம்மைக் கொல்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே அவரும் விழுங்கினார். குழந்தைகளின் மருந்து எவ்வளவு நாற்றம் பிடித்தது என்று முதலில் புகார் எழுதியதும் அவர்தான்.

ஊர்க்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. டாக்டர் முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டுக் குடித்தால் பாதிக் கசப்பு குறைந்துவிடுகிறது என்றார்கள். அபயாம்பாளும், வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும், தொழிலுக்கு வந்த புதிதில் இருந்த சந்தோஷம் திரும்பியிருப்பதை உணர்ந்தாள்.

அந்த நேரத்தில்தான் தையல்நாயகி வந்தாள்.

முகத்துவாரத்தில் மணல்திட்டு நாளுக்கொரு இடத்துக்கு நகரும். பெரிய படகுகளை அதில் இடிக்காமல் உள்ளே கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. நாற்பது தாண்டியவள், வாய் ஓயாது. புருஷன் செல்வமுத்து அதற்கு நேர்மாறு. வீட்டில் சமையல் அவன்தான், பேச்சு அவள்தான். படகு ஓட்டும்போதே வலிப்பு வந்து விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பண்டிதர் நாடி பார்த்தார். படமும் எடுத்தார்கள். மூளைக்குள் கெட்ட படிவு ஒன்று கட்டி கட்டியாகச் சேர்ந்துகொண்டிருந்தது. விட்டால் மழைக்காலத்தைத் தாண்டமாட்டாள்.

மருந்து இருக்கிறது. அதுதான் சங்கடம். அது படிவைக் கரைக்கும்போது அங்கங்கே இருக்கிற நினைவுகளையும் சேர்த்துக் கரைத்துவிடும். எது போகும், எது நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நோயில்லாத ஆள் ஒரு துளி குடித்தாலும் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போகும்.

அபயாம்பாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தையல்நாயகி கேட்டுவிட்டு, நாத்தனாரை மறந்துபோனால் சந்தோஷம்தான் என்றாள். செல்வமுத்து சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"குடிக்கமாட்டேன்னு சொல்லல டாக்டரம்மா," என்றாள். "நீங்க குடிங்க, அப்புறம் நான் குடிக்கிறேன். எம் மகனுக்கு இருமல்னு வந்தப்ப குடிச்சுக் காட்டினீங்கல்ல? இதுக்கு மட்டும் ஏன் யோசிக்கிறீங்க?"

 இது வேறு மாதிரி மருந்து என்று அபயாம்பாள் சமாளித்தாள். எனக்கும் அதுதான் பயமாயிருக்கிறது என்றாள் தையல்நாயகி. அடுத்து இரண்டு நாள் எல்லோரும் மாறி மாறிப் பேசிப் பார்த்தார்கள். செல்வமுத்து கெஞ்சினான். அவள் அசையவில்லை. புதுக் கட்டி ஒன்று படத்தில் தெரிந்தது.

மூன்றாம் நாள் அபயாம்பாள் பண்டிதரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞானாதிக்கம் ஒரு மூலையில் ஏதோ வேலையாக இருந்தான். அவனைப் பற்றிக் கவலைப்படாமல் சுவரிடம் சண்டைக்கு நின்றாள். நல்ல பழக்கம் பழக்கிவிட்டீர்கள், இருமல் மருந்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை, இப்போது ஒருத்தி உயிர் அதில் மாட்டிக்கொண்டது என்றாள். சொல்லிவிட்டு, தானே அந்த மருந்தைக் குடிக்கப் போவதாகவும் சொன்னாள்.  முப்பது வருஷத்து வைத்தியம் கையை விட்டுப் போய்விட்டால் தான் யார் என்று அவளுக்கே தெரியவில்லை. செத்துப்போன அம்மாவின் முகம் போய்விட்டால் அதை எங்கே போய்த் தேடுவது என்றும் தெரியவில்லை.

"நீங்க குடிக்கக் கூடாது அம்மா," என்றார் பண்டிதர். "இத்தன நாள் எனக்குப் பதிலா நீங்கதான் குடிச்சீங்க. எனக்கு வாயும் வயிறும் இல்லாததால சும்மா இருந்தேன். இது வயித்துக்குப் போற மருந்து இல்லியே. நினைவுக்குப் போற மருந்து. அது எங்கிட்ட நெறைய இருக்கு."

ஞானாதிக்கம் நிமிர்ந்து பார்த்தான்.

தையல்நாயகிக்கு எவ்வளவு போகுமோ அவ்வளவைத் தன்னிடமிருந்தும் கரைக்க முடியுமா என்று பண்டிதர் அவனைக் கேட்டார். எது போகிறது என்று யாரும் பொறுக்கி எடுக்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு அழிக்க வேண்டும். ஞானாதிக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு, முடியும் என்றான். முகத்தில் நிம்மதிகூடத் தெரிந்தது. நகல் ஒன்று பத்திரமாக இருக்கிறது, அவள் குடித்து முடித்ததும் திரும்ப ஏற்றிவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றான்.

"தையல்நாயகிக்கு நகல் இருக்கா தம்பி?"

ஞானாதிக்கம் இல்லை என்று தலையசைத்தான்.

"அப்ப எனக்கும் வேணாம். நகல வச்சுக்கிட்டுக் குடிச்சா குடிச்சதா ஆகாது. வாயில ஊத்திக் கொப்புளிச்சுத் துப்பினதாத்தான் ஆகும்."

ஞானாதிக்கம் விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டான். அபயாம்பாள் பின்னாலேயே போனாள். கீழே தூண்களில் தண்ணீர் மோதிக்கொண்டிருந்தது. அவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. உங்களுக்கு அவர் ஒரு வைத்தியர், எனக்கு அவர் பத்து வருஷம் என்றான். கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் ஓலைக்கும் கடிதத்துக்கும் பின்னால் அலைந்ததைச் சொன்னான். அவள் அவனை வற்புறுத்தவில்லை. அவனுக்கு வலிக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. தனக்குப் பதிலாக இன்னொருவர் குடிக்க முன்வந்ததும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப்பார்த்ததே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"மாட்டேன்னு சொல்ல முடியல டாக்டர்," என்றான் கடைசியில். "சொன்னா, நான் கட்டினது அவரே இல்லன்னு ஆயிடும்."

மறுநாள் காலையில் தையல்நாயகியைப் பண்டிதரின் அறைக்கு அழைத்து வந்தார்கள். ஒரு பாயை விரித்து அவளும் செல்வமுத்துவும் உட்கார்ந்தார்கள். நடக்கப்போவதை அபயாம்பாள் விளக்கினாள். ஞானாதிக்கம் முதலில் நகலை அவர்கள் கண்ணெதிரே அழித்தான். முதல் தடவை விசை தவறிப்போய் மறுபடி அழுத்த வேண்டியிருந்தது. தையல்நாயகி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கு தாயி. அதுக்குத்தான் மொதல்ல குடிக்கறது. இல்லாட்டி நீங்க தனியால்ல பயப்படணும்."

ஞானாதிக்கம் கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினான். திரை ஒருமுறை மங்கித் தெளிந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. தையல்நாயகி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு புருஷன் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கிண்ணத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

பிழைத்துவிட்டாள். படத்தில் கட்டிகள் கரைந்து மறைந்துவிட்டன. மணல்திட்டுகள் அத்தனையும் அவளுக்கு நினைவிருந்தன. மகனைத் தெரிந்தது. நாத்தனாரும், அவள் துரதிர்ஷ்டம், முழுசாக நினைவில் இருந்தாள். போனது கல்யாணமும் புருஷனோடு வாழ்ந்த நினைவுகளும். செல்வமுத்துவை அடுத்த தெருப் பையன் என்ற அளவில்தான் தெரிந்தது. அவன் இரண்டு நாள் வராந்தாவில் உட்கார்ந்து அழுதான். மூன்றாம் நாள் எழுந்து போய்ச் சுறாப்புட்டு செய்து கொண்டுவந்து அவள்முன் வைத்தான். அவள் சாப்பிட்டுவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். அந்த அமைதியான மனிதன் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்ததை மருத்துவமனையே கேட்டது.

பண்டிதரிடம் என்ன போயிருக்கிறது என்று மட்டும் யாருக்கும் புரியவில்லை. ஞானாதிக்கம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுப் பார்த்தான். பெயர் தெரிந்தது. பிறந்த ஊர், கொள்ளிடத்து வெள்ளம், டச்சுக்கார நண்பனின் சீட்டாட்டப் பைத்தியம், எல்லாம் தெரிந்தது. நாடி பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. ஏதோ பழைய பாட்டு ஒன்று போயிருக்கும் என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள்.

அந்த வாரம் மீன் ஏலம் விடுகிற மரைக்காயர் ஒருவர் நெஞ்சுச்சளியோடு வந்தார். ரப்பர் விரல்கள் அவர் மணிக்கட்டில் பட்டன. பண்டிதர் நோயைச் சொன்னார். மூச்சு விடாமல் மருந்தையும் சொன்னார். பெயர், அளவு, எத்தனை வேளை, எல்லாம் திரையில் கடகடவென்று விழுந்தன.

யாரும் எதையும் குடித்திருக்கவில்லை.

ஞானாதிக்கமும் அபயாம்பாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் அவளை ஓரமாக அழைத்துப் போனான். தலைமை அலுவலகம் கேட்டது இதைத்தான், இப்போதே எல்லா ஊருக்கும் அனுப்பலாம் என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் களையே இல்லை. வேண்டுமானால் அந்தத் தளபதி கதையை மறுபடி ஏற்றிவிடவா என்றும் கேட்டான். அபயாம்பாள் வேண்டாம் என்றாள். நாம் ஏற்றினால் அது நாம் போட்ட சட்டமாகத்தான் இருக்கும், அவருடையதாக இருக்காது என்றாள். பெற்ற தகப்பனைப் பறிகொடுத்தது போல இருந்தது அவளுக்கு.

அறைக்குள் டாக்டர் தில்லைநாயகம் இது எதையும் கவனிக்கவில்லை. மருந்துக் குப்பியைத் திறந்து, மூடியில் துளி ஊற்றி, மரைக்காயர் பார்க்க வாயில் விட்டு முகத்தை அஷ்டகோணலாக்கினார்.

"டாக்டர்," என்றது திரை. "அது அவருக்குச் சொன்ன மருந்தாச்சே. நீங்க ஏன் குடிச்சீங்க?"

தில்லைநாயகம் திருதிருவென்று விழித்தார். வாசலில் நின்ற அபயாம்பாளைப் பார்த்தார். 

"இங்க அப்படித்தானுங்க," என்றார் அவர். "நாங்க மொதல்ல. அப்புறம் அவங்க."

"எல்லா மருந்துமா?"

"எல்லாமும்தான். குடிக்காம குடுத்தா எனக்கே என்னவோ மாதிரி இருக்கு."

"யார் ஏற்படுத்தினது?"

தில்லைநாயகம் வாயைத் திறப்பதற்குள் அபயாம்பாள் உள்ளே வந்தாள். இந்தக் கரையில் முன்பு ஒரு வைத்தியர் இருந்தார், அவருடைய வழக்கம் என்றாள்.

 மரைக்காயர் இருமினார். திரையில் எழுதியிருந்த மருந்து ஒவ்வொரு வரியாக அழிந்துகொண்டு வந்தது.

"நீங்க குடிக்கறதுக்கு முந்தியே சொல்லிட்டேன், தப்பு," என்றார் பண்டிதர். "எப்படி இருந்துது டாக்டர்?"

"படு கசப்பு."

"அப்ப தேன் கலந்து குடுங்க. அளவையும் பாதியாக்கிக்குங்க, அவருக்கு அது போதும். இனிமே நீங்க குடிச்ச பிறகு சொல்றேன்."

ஞானாதிக்கம் தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். தலைமை அலுவலகத்துக்கு இப்போது என்ன சொல்வது என்று கேட்டான். நடந்ததைச் சொல் என்றாள் அபயாம்பாள். சொல்லிவிட்டு, மரைக்காயருக்குத் தேன் எடுத்துவரப் போனாள்.